செவிலிப் பசுவும் நாட்கணக்கும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற கால்நடைப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு பசு சினைப்பட்டுக் கன்று ஈனுவதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதமும் பத்து நாளும் ஆகின்றன. ஈன்ற பின் மறுபடியும் சினைப்பட இரண்டு மூன்று மாதங்களேனும் கழிகின்றன. ஆகவே, எவ்வளவு உயர்ந்த பசுவாயினும் ஆண்டுக்கு ஒரு கன்றுக்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை. தன் வாழ்நாளில் அது எட்டுக் கன்றுகள் ஈனுமாயின் அதுவே பெரும் பேறு. காளையின் செய்தி வேறு. செயற்கை முறைக் கருவூட்டல் வந்த பின்னர், ஒரு பொலிகாளையின் உறைவிந்து ஆயிரக்கணக்கான கொட்டில்களை எட்டிவிடுகின்றது. ஆனால் கன்றின் குணத்தில் பாதி தாயிடமிருந்து வருவதாகும். அந்தப் பாதியைப் பெருக்குவதற்கு வழி யாது என்னும் வினாவிற்கு விடையாக எழுந்ததே கருமாற்று முறை.

இது நேற்று முளைத்த செய்தியன்று. 1890-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வால்ட்டர் ஹீப் என்னும் அறிஞர் ஒரு முயலின் கருவை எடுத்து வேறோர் இன முயலின் வயிற்றில் வைத்துக் குட்டி ஈனச் செய்தார். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இம்முறையில் முதல் கன்று பிறந்தது. கருவைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, பின்னர் உருக்கி, அதிலிருந்து கன்று பெறும் வழி 1973-இல் கேம்பிரிட்ஜில் கைகூடியது.

செய்முறையைச் சில சொற்களில் கூறிவிடலாம். தேர்ந்தெடுத்த உயர்ந்த பசுவிற்கு நான்கு நாட்கள் காலையும் மாலையும் ஊசியிட்டு, ஒரு முட்டை முதிரும் இடத்தில் பல முட்டைகள் முதிரச் செய்வர். பருவம் வந்ததும் கருவூட்டுவர். ஏழாம் நாள் மெல்லிய குழாய் ஒன்றின் வழியே கருப்பைக்குள் நீர்மம் செலுத்திக் கழுவி, வெளிவரும் நீர்மத்தில் கருக்களைத் தேடுவர். அப்போது கருவின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. உருப்பெருக்கி இன்றிக் காண்பது அரிது. ஒரு முறை கழுவினால் ஐந்து அல்லது ஆறு நல்ல கருக்கள் கிடைப்பது பொதுவான அளவு. பத்துக்கு மேல் கொடுக்கும் பசுவும் உண்டு. ஒன்றும் கொடாத பசுவும் உண்டு. அக்கருக்களை ஒவ்வொன்றாகச் சாதாரணப் பசுக்களின் கருப்பையில் வைத்துவிட்டால், அவை தம் கன்றுபோல் சுமந்து ஈனும். முதற் பசுவைக் கொடைப் பசு என்றும், சுமக்கும் பசுவைச் செவிலிப் பசு என்றும் இங்கே வழங்குவோம். செவிலித்தாய் என்பவள் பிறந்த குழந்தையை வளர்ப்பவள். நம் செவிலிப் பசுவோ வயிற்றிலேயே வளர்த்துத் தருகின்றது. அவ்வளவே வேறுபாடு.

கேட்பவர்களின் கண் எப்போதும் கொடைப் பசுவின் மீதே நிற்கின்றது. அதன் பால் அளவு என்ன, எடை என்ன, விலை என்ன என்றே வினவுகின்றனர். கரு தங்குவதும் தங்காமற் போவதுமோ பெரும்பாலும் செவிலிப் பசுவின் நாட்கணக்கைப் பொறுத்தே அமைகின்றது. இன்று நாம் பேச வந்தது அக்கணக்கைப் பற்றியே.

பசு சராசரியாக 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்திற்கு வரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பருவம் முடிந்ததும் சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுகின்றது. முட்டை இருந்த இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு திரள் வளர்கின்றது. அது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்து, கருப்பையை வரப்போகும் கருவிற்காக நாளுக்கு நாள் பண்படுத்துகின்றது. நான்காம் நாள் இருந்த கருப்பை ஏழாம் நாள் இருப்பதில்லை. ஏழாம் நாள் இருந்தது பத்தாம் நாள் இருப்பதில்லை. பதினாறு, பதினேழாம் நாளையொட்டிக் கருப்பை ஒரு கணக்குப் பார்க்கின்றது. உள்ளே கரு இருந்தால், அது அந்நாளில் நூல்போல் நீண்டு வளர்ந்து, தான் இருப்பதை அறிவிக்கும் ஒரு பொருளைச் சுரந்திருக்கும். அவ்வறிவிப்புக் கிடைத்தால் மஞ்சள் திரள் காக்கப்படும். பசு சினையாக நிற்கும். கிடைக்காவிடில், கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து மஞ்சள் திரளை அழித்துவிடும். பசு மீண்டும் பருவத்திற்கு வரும்.

இப்போது, ஏழு நாள் வயதுள்ள கருவை, பருவம் வந்து பத்து நாளான பசுவின் வயிற்றில் வைத்ததாகக் கொள்வோம். அப்பசுவின் கருப்பை பதினேழாம் நாள் கணக்குப் பார்க்கும்போது கருவின் வயது பதினான்கே. அது அறிவிப்பை உரிய அளவில் அனுப்பும் முன்னரே மஞ்சள் திரள் அழியத் தொடங்கிவிடும். நான்கே நாளான பசுவில் வைத்தாலோ, கருவிற்கு வேண்டிய சுரப்பு அங்கே இன்னும் ஆயத்தமாகவில்லை. ஆகவேதான், கொடைப் பசு பருவம் வந்த நாளும் செவிலிப் பசு பருவம் வந்த நாளும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மிஞ்சினால் ஒரு நாள் முன்பின் இருக்கலாம் என்று விதித்திருக்கின்றனர். உறைந்த கருவாயினும் விதி அதுவே. ஏழாம் நாள் எடுத்து உறைய வைத்த கருவிற்கு ஏழாம் நாள் கருப்பைதான் வேண்டும். அது பத்தாண்டு உறைந்து கிடந்திருந்தாலும் அதற்கு வயது ஏழு நாளே.

ஐந்து கருக்கள் கையில் இருக்கும்போது, அதே நாளில் பருவம் கண்ட ஐந்து பசுக்களுக்கு எங்கே போவது? இருபது பசுக்கள் உள்ள மந்தையில் இயல்பாக ஒரு நாளைக்கு ஒரு பசு பருவம் வந்தால் அதிகம். எனவே, பருவத்தை நாம் குறித்த நாளில் வரவழைக்க வேண்டியதாயிற்று. இதில் மிகப் பெரிய அளவில் அனுபவம் பெற்ற நாடு பிரேசில். அந்நாட்டுச் செய்தியைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். ஏனெனில் அங்கே புல்வெளிகளை நிறைத்து நிற்பது நமக்கு அண்டை மாநிலத்து மாடு.

அதன் பெயர் நெலோர். பெயரிலேயே ஊர் இருக்கின்றது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர், குண்டூர்ப் பகுதிகளின் வெண்ணிறத் திமில் மாடு, ஓங்கோல் என்று நாம் வழங்குவது, கடல் கடந்து அங்கே சென்று அப்பெயர் பெற்றது. 1868-இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற ஒரு கப்பல் பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் நின்றபோது, அதிலிருந்த ஒரு சோடி மாடுகள் அங்கேயே விற்கப்பட்டன என்று அவ்வினத்தின் வரலாறு தொடங்குகின்றது. பின்னர் பல தொகுதிகள் சென்றன. 1960-களின் தொடக்கத்தில் சென்ற தொகுதியே பெரிய தொகுதிகளுள் கடைசி. இன்று பிரேசிலில் 20 கோடிக்கு மேற்பட்ட மாடுகள் உள்ளன. இறைச்சிக்காக அங்கே வளர்க்கப்பெறும் மாடுகளில் பெரும்பகுதி நெலோர் இரத்தம் உடையவை. ஏருக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றிருந்த மாட்டை அவர்கள் எடைக்கும் விரைவான வளர்ச்சிக்குமாகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வந்தனர். வியாட்டினா-19 என்னும் நெலோர்ப் பசுவின் உரிமையில் மூன்றில் ஒரு பங்கு 2023-இல் ஏலம் போனபோது, அவ்விலைப்படி முழுப் பசுவின் மதிப்பு 40 இலட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கிட்டனர். அத்தகைய பசுவைத் தன் கன்றைத் தானே சுமக்க விட்டு ஒன்பது மாதம் காத்திருக்க எவர் மனம் இசைவர்? அதன் முட்டைகளைச் சினைப்பையிலிருந்தே ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, ஏழு நாள் வளர்த்து, விலை குறைந்த பசுக்களின் வயிற்றில் வைக்கின்றனர். ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பெறும் கருக்களின் எண்ணிக்கை, பசுவின் வயிற்றிலிருந்து கழுவி எடுக்கும் கருக்களின் எண்ணிக்கையை 2016-இல் உலக அளவில் விஞ்சியது. அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தது பிரேசில்.

ஆனால் நெலோர் மாட்டிடம் ஒரு சங்கடம் உண்டு. அது நம் நாட்டு மாடுகளிடமும் உண்டு. ஐரோப்பிய இனப் பசுவைவிடத் திமில் மாட்டின் பருவம் குறுகியது. ஏறக்குறைய பத்து மணி நேரமே நிற்கும். அதிலும் பாதிக்கு மேல் இரவில் தொடங்குகின்றது. இரவில் தொடங்கி விடியுமுன் முடிந்துவிடும் பருவமும் உண்டு. பல்லாயிரம் ஏக்கர்ப் புல்வெளியில் மேயும் மந்தையில், நள்ளிரவில் எந்தப் பசு எதன் மேல் தாவிற்று என்று எவர் காண்பார்? நம் ஊரில் கட்டுத்தறியில் தனியே நிற்கும் பசுவிற்குத் தாவுவதற்கு வேறு பசுவே இல்லை. அது இரவில் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கிவிட்டால், காலையில் கண்ணாடி போன்ற கோழை வாலில் ஒட்டியிருப்பதைக் கண்டால்தான் உண்டு. காரணம் வேறாயினும் இடர் ஒன்றே.

அவர்கள் கண்ட வழி, பருவத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, நாளையும் மணியையும் தாமே வகுத்துக்கொள்வது. ஒரு நாளை 0 என்று குறித்துக்கொண்டு, அன்று மந்தை முழுவதையும் பட்டிக்குள் ஓட்டி, ஒவ்வொரு பசுவின் பிறப்புறுப்பிலும் புரோஜெஸ்டிரோன் ஊறிய சிலிக்கோன் சாதனம் ஒன்றைப் பொருத்துகின்றனர். அத்துடன் எஸ்ட்ராடயால் ஊசி ஒன்றும் இடுகின்றனர். சாதனம் உள்ளே இருக்கும்வரை பசு, தன் சினைப்பையில் மஞ்சள் திரள் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும், பருவம் வாராது. ஊசியின் பயனாகப் பழைய முட்டைப்பைகள் வாடி, எல்லாப் பசுக்களிலும் புதிய முட்டைப்பைகள் ஏறத்தாழ ஒரே நாளில் வளரத் தொடங்கும். 8-ஆம் நாள் சாதனத்தை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மஞ்சள் திரளை அழிக்கப் புரோஸ்டாகிளாண்டினும், முட்டையை முதிரச் செய்யும் வேறு ஊசிகளும் இடுகின்றனர். 10-ஆம் நாளைப் பருவ நாளாகக் கொள்கின்றனர். கருவூட்டுவதாயின் அன்றே மந்தை முழுவதற்கும் கருவூட்டிவிடலாம். கரு வைப்பதாயின் அதிலிருந்து ஏழு நாள் கழித்து, அதாவது 17-ஆம் நாள், ஒவ்வொரு பசுவையும் சோதித்து, மஞ்சள் திரள் செம்மையாய் வளர்ந்திருக்கும் பசுவிற்கு மட்டும், அத்திரள் உள்ள பக்கத்துக் கருப்பைக் கொம்பில் கருவை வைக்கின்றனர். வாலடியில் மரப்பு ஊசி இட்டுச் செய்வதால் பசுவிற்கு வலி பெரிதில்லை. பழகிய கைக்குச் சில நிமிட வேலை.

முட்டையை முதிரச் செய்ய இடும் ஊசிகளுள் ஒன்று சினைக் குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பெறுவது. ஓர் உயிரின் கருப்பேற்றை மற்றோர் உயிரின் சினைக்காக இவ்வாறு பயன்கொள்வது நமக்கு உவப்பாக இல்லை. எஸ்ட்ராடயால் மருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவிற்குரிய கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் அதன் இடத்தில் வேறொரு ஹார்மோனைக் கொண்டு முறையை வகுத்திருக்கின்றனர். எனவே, பிரேசில் முறையை அப்படியே பெயர்த்து வந்து இங்கே நடுவது எம் கருத்தன்று. நாட்கணக்கை அமைக்கும் அறிவே நமக்கு வேண்டுவது.

சாதனம் இல்லாமல் புரோஸ்டாகிளாண்டின் ஊசி ஒன்றைக் கொண்டே பருவத்தை ஒன்றுபடுத்துவதும் உண்டு. செலவு குறைவாகையால் அதையே முதலில் உங்களிடம் கூறுவர். அதன் கணக்கை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மருந்து வளர்ந்த மஞ்சள் திரளை மட்டுமே அழிக்கும். பருவம் வந்து ஐந்து நாட்களுக்குள் திரள் இளையது, ஊசிக்கு அசையாது. பதினேழு நாட்களுக்குப் பின் திரள் தானே அழிந்துகொண்டிருக்கும். ஆகவே, நாளறியாமல் 21 பசுக்களுக்கு ஒரே நாளில் ஊசியிட்டால், ஏறத்தாழ 12 பசுக்களிடமே அது வேலை செய்யும். அவை இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் பருவம் வரும். மற்றவற்றையும் சேர்க்க வேண்டுமாயின் 11 நாட்கள் கழித்து எல்லாவற்றிற்கும் இரண்டாம் ஊசி இட வேண்டும். முதல் ஊசிக்கு வசப்பட்டவையும் வசப்படாதவையும் அதற்குள் வளர்ந்த திரளுடன் நிற்குமாகையால், இரண்டாம் ஊசிக்கு அநேகமாக எல்லாம் சேர்ந்து வரும்.

‘அநேகமாக’ என்றோம். பருவச் சுழற்சியே இல்லாத பசுவிடம் இந்த ஊசி எதுவும் செய்யாது. அழிப்பதற்குத் திரள் இருந்தால்தானே? கன்று ஈன்று மெலிந்து, வைக்கோலையே உண்டு, விலா எலும்புகள் எண்ணத்தக்கதாய் நிற்கும் பசுவின் சினைப்பை உறங்குகின்றது. அதற்கு இரண்டல்ல, நான்கு ஊசி இட்டாலும் பயன் இராது. புரோஜெஸ்டிரோன் சாதனம் அத்தகைய பசுக்களில் சிலவற்றை எழுப்பும். ஆனால் மெலிந்த உடம்பில் எழுந்த பருவத்தில் கரு தங்குவது அரிது. பிரேசிலின் நடுப்பகுதிப் பண்ணையாளர்கள் மழை பெய்து புல் தழைக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் சினைப்படுத்துவதற்குக் காரணம் இதுவே. மருந்தின் விலையை அறிந்தவர்கள் புல்லின் விலையையும் அறிந்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் நம் ஊர்களுக்கு வருவோம். நம் நாட்டில் கருமாற்று முறை பிரேசிலைப் போல் இறைச்சிக்காக எழுந்ததன்று. பால் பெருக்கவும், அருகி வரும் நாட்டினங்களைக் காக்கவும், நல்ல பொலிகாளைகளைப் பெறவும் மேற்கொள்ளப்பட்டது. 2014-இல் மைய அரசு தொடங்கிய ராஷ்ட்ரீய கோகுல் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி, புலிக்குளம் என்று நம்மிடம் உள்ள இனங்களில் நல்ல தாய்ப் பசுக்கள் எஞ்சியிருக்கும்போதே அவற்றின் வித்தைப் பெருக்கிக்கொள்ள இது ஒரு வழி. ஆனால் பிரேசிலில் ஒரு பண்ணையில் ஓராயிரம் பசுக்கள். இங்கே ஒரு வீட்டில் ஒன்று அல்லது இரண்டு. கால்நடை மருத்துவர் ஒரு பசுவிற்காக 0-ஆம் நாளும், 8-ஆம் நாளும், 17-ஆம் நாளும் ஒரு கிராமத்திற்கு வந்து செல்வது நடவாத செயல். இருபது வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் இருபது பசுக்களை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், அதே மூன்று வருகையில் இருபது பசுக்களின் வேலை முடியும். தனி உழவர் செய்ய இயலாத இதனை ஊராட்சி செய்ய இயலும். நிழலுள்ள ஓரிடம், மாட்டை அசையாமல் நிறுத்தும் மரச்சட்டம் ஒன்று, தண்ணீர், ஒரு பதிவேடு, அதனை எழுதுவதற்குக் கையெழுத்துத் திருத்தமான ஓர் இளைஞர் அல்லது பெண்மணி, இவ்வளவே வேண்டும்.

பதிவேட்டைப் பற்றிச் சிறிது வற்புறுத்திக் கூற வேண்டும். பசுவின் அடையாளம், கடைசியாகக் கன்று ஈன்ற நாள், அதன் பின் கண்ட பருவ நாட்கள், இட்ட ஊசி, குடற்புழு நீக்கிய நாள் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். இரண்டு பருவங்களை முறையாகக் காட்டிய பசுவையே செவிலியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். ஈன்று இரண்டு மாதமாவது கழிந்திருக்க வேண்டும். கருச்சிதைவு நோயாகிய புருசெல்லோசிஸ் இல்லையென்று இரத்தச் சோதனையில் தெளிந்திருக்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பசுந்தீவனமும் தாது உப்புக் கலவையும் கொடுத்து வர வேண்டும். வேலிமசாலோ, அகத்தியோ, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லோ எது கிடைப்பினும் நன்று.

செவிலிப் பசு எவ்வினமாயினும் கன்றின் இனம் மாறாது. அது கொடைப் பசுவும் காளையும் கொடுத்தது. ஆனால் சிறிய உருவமுள்ள நாட்டுக் கிடேரியின் வயிற்றில் பெரிய இனத்தின் கருவை வைப்பது கொடுமை. ஈனும்போது கன்று சிக்கிக்கொண்டு தாயும் கன்றும் மடிய நேரும். இடுப்பு அகன்ற, ஒரு முறையேனும் துன்பமின்றி ஈன்ற பசுவே ஏற்றது. உள்ளூர்ச் செவிலியால் ஒரு நன்மையும் உண்டு. அது நம் மண்ணின் நோய்களோடு பழகிய உடம்பு உடையது. அதன் சீம்பாலை முதல் சில மணி நேரத்திற்குள் குடித்த கன்று, எவ்வளவு தொலைவிலிருந்து வந்த கருவாயினும், அந்த எதிர்ப்பாற்றலைப் பெற்றுக்கொள்ளும்.

எம்மாதத்தில் செய்வது? கார்த்திகையில் செய்வது நன்று என்பது நம் கருத்து. வடகிழக்குப் பருவமழையால் புல் தழைத்திருக்கும், வெயில் தணிந்திருக்கும். கடும் வெப்பம் இளங்கருவிற்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் வைத்த கருவில் பல தங்கா. டிசம்பர் 1-ஆம் நாளைப் பருவ நாளாக அமைத்தால் டிசம்பர் 8-இல் கரு வைக்கலாம். செப்டம்பர் முதல் வார முடிவையொட்டி, ஆவணி கழிவதற்குள், கன்றுகள் பிறக்கும். இருபது பசுக்களை ஒன்றுபடுத்தினால் ஈற்றும் ஒரே வாரத்தில் நெருக்கி வரும் என்பதையும் மறத்தலாகாது. அவ்வாரம் மருத்துவர் ஊரில் கிடைக்கும்படியும், பால் கூட்டுறவுச் சங்கம் கூடுதல் பாலை ஏற்கும்படியும் முன்பே பேசி வைத்தல் நலம்.

பயனை மிகைப்படுத்திக் கூறுவது எம் வழக்கமன்று. இருபது பசுக்களுக்கு மருந்து இட்டதாகக் கொள்வோம். 17-ஆம் நாள் சோதனையில் அவற்றுள் பதினைந்து தகுதியுடன் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிதாய் எடுத்த நல்ல கருவாயின், தேர்ந்த கையால், நூற்றுக்கு 50 முதல் 60 தங்கும். உறைந்த கருவாயின் சற்றுக் குறையும். ஆக, ஏழு எட்டுப் பசுக்கள் சினை நிற்கும். அவற்றுள் ஒன்று ஈனுமுன் கலைந்தாலும் வியப்பில்லை. இருபது வீட்டார் உழைத்து ஆறு ஏழு கன்றுகள். அவற்றில் பாதி காளைக்கன்று. அக்கன்றுகள் அச்செலவிற்குத் தகுதியுடைய தாயின் கன்றுகளா என்பதை ஊராட்சி வினவியே தீரவேண்டும். கொடைப் பசுவின் பால் பதிவும் காளையின் பதிவும் எழுத்தில் இல்லாத கருவை, அது இலவசமாகவே கிடைப்பினும், ஏற்க வேண்டுவதில்லை. ஏனெனில் நம் பசுவின் ஓராண்டு இலவசமன்று. சாதாரணக் கறவைக்கு நல்ல உறைவிந்தைக் கொண்டு, இதே நாட்கணக்கில் செயற்கைக் கருவூட்டல் செய்வதே பெரும்பாலான ஊர்களுக்கு முதற்படி. அதில் பழகிய ஊர் பின்னர் கருமாற்றத்திற்கு எளிதில் ஆயத்தமாகும்.

சினை நில்லாத பசுக்களை என்ன செய்வது என்று கேட்கக்கூடும். இதில் ஒரு நன்மை ஒளிந்திருக்கின்றது. பருவ நாளை ஒன்றாக அமைத்துவிட்டதால், தங்காதவை அந்நாளிலிருந்து 18 முதல் 24 நாட்களுக்குள், அதாவது கரு வைத்த நாளிலிருந்து 11 முதல் 17 நாட்களுக்குள், சேர்ந்தாற்போல் பருவம் காட்டும். அந்த ஒரு வாரம் மட்டும் இரவு ஒரு முறை, விடியலில் ஒரு முறை கொட்டிலுக்குச் சென்று பார்த்தால் போதும், கண்டவுடன் கருவூட்டிக்கொள்ளலாம். பருவம் காட்டாதவற்றை ஒரு மாதத்திற்குப் பின் ஸ்கேன் கருவியாலோ, இரண்டு மாத அளவில் கையாலோ சோதித்துச் சினையை உறுதி செய்துகொள்ள வேண்டும். கரு வைத்த பசுவை நாற்பது நாட்கள் வரை வண்டியில் ஏற்றிச் சந்தைக்கோ உறவினர் ஊருக்கோ கொண்டு செல்லலாகாது. தீவனத்தையும் திடீரென மாற்றலாகாது.

ஒரு பசுவிற்கு இரண்டு கருக்களை வைத்தால் என்ன என்றும் சிலர் கேட்கின்றனர். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரட்டைக் கன்று பிறந்தால், அப்பெண் கன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். நாம் விரும்பியது கிடேரி. கிடைப்பது கன்று ஈனாத கிடேரி. ஒன்றே போதும்.

எச்சரிக்கை ஒன்று. புரோஸ்டாகிளாண்டின் ஊசி சினைப் பசுவிற்கு இட்டால் சினை கலைந்துவிடும். ஆகவே, ஊசி இடும் நாளில், சினை இல்லையென்று மருத்துவர் சோதித்துத் தெளிந்த பசுவை மட்டுமே பட்டியலில் சேர்க்க வேண்டும். ‘ஊசி போடுகிறார்கள், நம் மாட்டையும் ஓட்டி விடுவோம்’ என்று எவரும் இடையில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு இடம் தரலாகாது. அம்மருந்து தோலின் வழியே உடம்பில் ஏறக்கூடியது. கருவுற்ற பெண்களும், இளைப்பு நோய் உடையவர்களும் அந்தக் குப்பியைத் தொடுதல் கூடாது. நம் ஊர்களில் மாட்டைப் பிடித்து நிறுத்துபவர் பெரும்பாலும் பெண்களே ஆதலின் இதனை அழுத்திக் கூறுகின்றோம். கடையில் வாங்கித் தாமே இட்டுக்கொள்ளும் மருந்தன்று இது.

கன்று யாருக்கு என்பது கடைசிச் செய்தி. கரு ஒரு பண்ணையுடையது. பசு ஓர் உழவருடையது. தீவனம் அவர் வீட்டுப் பெண்மணியின் உழைப்பு. கிடேரி பிறந்தால் உழவரே வைத்துக்கொள்வதா, பண்ணை விலை கொடுத்து வாங்குவதா? காளைக்கன்று பொலிகாளையாகத் தேறினால் எவருக்கு? ஈற்றில் பசு இறந்துபட்டால் இழப்பை யார் ஈடு செய்வது? காப்பீட்டுத் தவணையை யார் கட்டுவது? இவற்றை 0-ஆம் நாளுக்கு முன்னரே ஊராட்சி மன்றத்தின் முன்னிலையில் எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட்டு, ஒரு படியைப் பதிவேட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். பசுவின் உரிமை பெண்மணியின் பெயரில் இருக்குமாயின் கையொப்பம் அவருடையதாகவே இருத்தல் வேண்டும்.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.